உள்துணி

முதலில் பையைக் காலி செய்ய வேண்டும்.
முப்பத்தேழு ஆர்.டி. அட்டைகள், ரப்பர் பேண்டில் மூன்று கட்டு,
மை காய்ந்த ஸ்டாம்ப் பேடு,
பாதி தின்ற கடலை மிட்டாய்,
அப்புறம் உமி.
எந்த மில்லுக்குள்ளும் நான் போவதில்லை.
புதுவயலில் பை வைத்திருந்தால்
உமியும் வைத்திருக்கிறோம்.

கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் காக்கி கான்வாஸ்.
வலது மூலை கம்பியில் உரசி உரசிச் சல்லடையாகிவிட்டது.
இடது பக்கம் பக்கிள் போய் ஒரு வருஷம்,
சேலைக்கரையால் கட்டி ஓட்டினேன்.
புதுசு எழுநூற்றைம்பது என்றான் கடைக்காரன்.
எனக்குக் கமிஷன் நூற்றுக்கு நாலு.
பதினெட்டாயிரத்துச் சொச்சம்
வீடு வீடாய் வாங்கிக் கட்டினால்
ஒரு பை.

அடைக்கலம் மில்லிலிருந்து கோணி ஊசி கொண்டுவந்தார்,
மூட்டை தைக்கும் நைலான் நூலும்.
"திருப்பிக் கொடுக்கணும்" என்றார், ஊசியை மட்டும்.
கவினின் ஆறாம் வகுப்புப் பையில் அறுத்தெடுத்த பக்கிள்.
ஓரத்துக்குப் பழைய டியூப்.
ஒட்டுக்கு எதிர்வீட்டுக் காதணி விழா பிளெக்ஸ்:
தாய்மாமன்கள் ஐந்து பேரில்
நாலு பேர் மீசையோடு தப்பித்தார்கள்.
ஐந்தாமவர் இனி என் பைக்குள்ளிருந்து
ஒற்றைக் கண்ணால் ஊரைப் பார்ப்பார்.

நூலை மெழுகுவத்தியில் இரண்டு தரம் இழுத்தேன்.
பிளேடால் பழைய தையலைப் பிரித்தேன்.
மூலையில் விரல் விட்டால்
கான்வாஸுக்கும் உள்துணிக்கும் நடுவே
ஓர் ஐந்நூறு ரூபாய்.

மடிப்பே இல்லை.

எனக்கு வரும் நோட்டெல்லாம்
சுருண்டு வரும், முந்தானையில் முடிந்து வரும்,
மிளகாய்த்தூளோடு வரும்.
இஸ்திரி போட்டு வருவது
சவரியம்மாள் அக்காவின் நோட்டு மட்டும்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
"மழை பிடிக்குதுக்கா, அட்டையில நாளைக்கு எழுதிக்கிறேன்"
என்று வாங்கிச் செருகியது நான்.
"நீங்க இன்னும் தரலையே" என்று
மறுநாள் சொன்னதும் நான்.
அவர் சண்டைக்கு வரவில்லை.
வண்டியின் கீழ்த்தட்டிலிருந்து இன்னொன்று எடுத்து
பெட்டியை ஒருமுறை ஓட்டி
சூடாகவே கொடுத்தார்.
சட்டைக்குப் பத்து ரூபாய், ஐம்பது சட்டை.
கணக்குத்தான் என் தொழில்.
அன்றைக்கு அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

பிளெக்ஸும் கான்வாஸும் சேர்ந்தால் ஊசி இறங்காது.
ஐந்து ரூபாய்க் காசை உள்ளங்கையில் வைத்து அமுக்கினேன்.
இரண்டாவது இழுப்பில் விரல் கிழிந்தது.
அவருக்கே தெரியாமல் அடுத்த மாசத்தில் வரவு வைத்துவிடலாம்,
யாருக்குத் தெரியும், தாய்மாமனைத் தவிர?
தைத்து முடித்தால்தான் நாளைக்குப் போக முடியும்.
முடியாமலே கிடந்தாலும்
நல்லதுதான் போலிருந்தது.
பன்னிரண்டு மணிக்கு முடிந்தது.
தையல் கோணல், ஆனால் இறுக்கம்.

காலையில் நெல் அவியும் புகையூடே
ரயில்வே கேட் பக்கம் வண்டியை நிறுத்தினேன்.
நோட்டை நீட்டிச் சொன்னேன்,
ஒத்திகை பார்த்ததில் பாதிதான் வந்தது.
அக்கா நிமிரவில்லை.
மூன்று சட்டை, ஒரு வேட்டி, ஒரு பள்ளிச் சீருடை,
அதுவரை நான் நின்றேன்.

பிறகு நோட்டை வாங்கித் துணிமேல் வைத்து
பெட்டியை வைக்கப் போனவர் வைக்கவில்லை.
அது ஏற்கெனவே நேராக இருந்தது.
"அடுத்த மாசத்துக்கு எழுதிக்க.
இப்பவே எழுது. என் கண்ணு முன்னாடி."

எழுதினேன்.
பேனா ஒருமுறை மக்கர் செய்தது.

கிளம்பும்போது கேரியர் பக்கம் வந்து
என் புதுத் தையலைக் கட்டைவிரலால் நெம்பிப் பார்த்தார்.
"மூலைக்கு இது பத்தாது" என்றார்.
"இன்னொரு வரி ஓட்டு."