சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்

ஓதெஸ்ஹோக் தாண்டியதும் ஏரி வந்துவிட்டது.
வலப்பக்கம் முழுக்க வெட்டர்ன்,
தகரத்தைத் தட்டித் தட்டி விரித்துப் போட்டதுபோல.
"கடல்!" என்றான் ஃபோல்கெ.
"ஏரி" என்றாள் யில்வா. "போன தடவையும் ஏரிதான்."
ஆறு வயது. திருத்தாமல் விடமாட்டாள்.

கிரென்னாவில் கார்க் கதவைத் திறந்தால்
முதலில் இறங்குவது மூக்கு.
தெரு நெடுகப் புதினா.
கடைக்குக் கடை சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு,
ஒரு கிழட்டு நாயின் கழுத்துப்பட்டை வரைக்கும்.
நிறுத்துமிடத்துக்குப் பணம் கட்ட
ஹென்னிங் கைபேசியோடு மல்லுக்கட்ட
நாங்கள் மூவரும் அந்த நாய்க்கு வணக்கம் சொன்னோம்.

போல்காகிரிஸ் என்பது மிட்டாயின் பெயர்.
எங்கள் மொழியில் அதன் வாலில்
ஒரு பன்றி உட்கார்ந்திருக்கிறது.
பெரியவர்கள் காதில் விழாது.
மூன்று வயதுக்காரன் காதில் விழுந்துவிட்டது.
"பன்றி எங்கே?"
கண்ணாடித் தடுப்பில் நெற்றியை அழுத்தி,
மேசைக்கடியில் குனிந்து,
வரிசையில் நின்ற ஒரு ஜெர்மானியரின் பைக்குள்ளும் எட்டிப் பார்த்து,
"பன்றி எங்கே?"

உள்ளே ஒரு பெண்.
முழங்கைவரை மாவு பூசியதுபோல் கைகள்.
காய்ச்சிய சர்க்கரையைக் கொக்கியில் மாட்டுகிறாள்
இழுக்கிறாள் மடிக்கிறாள் மறுபடி மாட்டுகிறாள்.
தேன் நிறத்தில் தொங்கியது
இழுபட இழுபட வெளுக்கிறது.
வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை,
உள்ளே போவது வெறும் காற்றுதான் என்றாள்.
எனக்கு என் வாரம் நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை.

பிறகு பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சூடான துண்டு.
முறுக்கச் சொன்னார்கள்.
யில்வா நாக்கைக் கடித்துக்கொண்டு
அளவெடுத்தாற்போல் ஒரு கோல் செய்தாள்.
ஃபோல்கெ செய்ததற்குக் காது இல்லை, கால் இல்லை,
"இதோ பன்றி!"
வாலிலிருந்து தின்னத் தொடங்கினான்.

"நீயும் சாப்பிடேன்" என்றேன்.
"இன்னைக்கு வியாழக்கிழமை."

மிட்டாய் சனிக்கிழமை மட்டும்.
எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம்தான்,
ஆனால் எங்கள் வீட்டில் அதை எழுதி
குளிர்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியவள் நான்.
"ஊர்சுற்ற வந்த நாளுக்குச் சட்டம் கிடையாது கண்ணு."
"அதை அதுல எழுதலையே."
ஹென்னிங் கூரையைப் பார்த்தான்.
கூரையிலும் சிவப்புக் கோடு.

மிட்டாய்க்காரப் பெண் எனக்கு உதவ வந்தாள்:
"இங்கே எல்லா நாளும் சனிக்கிழமைதான்!"
யில்வா அவளை ஏறிட்டுப் பார்த்தாள்,
பாவப்பட்டதுபோல.
"அப்போ உங்களுக்கு லீவு எப்போ?"

அந்தக் கைகள் ஒரு கணம் நின்றன.
சர்க்கரை யாருக்கும் காத்திருக்காது.
மறுபடி மாட்டி மறுபடி இழுத்தாள்,
கொஞ்சம் அதிக வேகமாக.

திரும்பும் வழியில் ஓதெஸ்ஹோக் அருகே
பன்றி முழுசாக வெளியே வந்தது,
ஃபோல்கெயின் சட்டை, இருக்கை, என் கைப்பை.
அவன் அழவில்லை. "போயிடுச்சு" என்றான்,
வழியனுப்பிய குரலில்.
பெட்ரோல் நிலையத்தின் கடைசித் துடைதாள்வரை உருவினோம்.
யில்வா தன் கோலை ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்திருந்தாள்,
ஒரு சொட்டும் படாமல்.

அது இப்போது குளிர்பெட்டியின் தலைமேல்
ஒரு தண்ணீர்க் குவளைக்குள் நிற்கிறது.
கீழே என் கையெழுத்தில் சட்டம்.

இரவு பதினொன்றரை.
ஹென்னிங் சட்டைப்பையிலிருந்து
அவளுக்குத் தெரியாமல் வாங்கியதை எடுத்தான்.
துண்டுக்குள் சுற்றி
மேசை விளிம்பில் வைத்து மெல்லத் தட்டினேன்.
மெல்ல உடைகிற பொருள் இல்லை அது.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.
"அம்மா? என்ன சத்தம்?"

ஆளுக்கொரு துண்டோடு
இருட்டில் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்கிறோம்.
பதில் சொல்ல வேண்டும்.
வாயைத் திறந்தால் மணக்கும்.