இருபத்திரண்டு எழுத்து

கொட்பேயில் மீன் ஏலம் முடியத்தான்
யோகரஞ்சினிக்கு வேலை தொடங்கும்.
பாரை இருபது கிலோ. ஐஸ் இரண்டு பெட்டி.
கீழே ஒரு சுழி.
அந்தச் சுழி விழாத சிட்டைக்கு
லொறி நகராது.

அவளுடைய கண்ணாடித் துண்டு
நேற்றிலிருந்து என் நுணுக்குக்காட்டியின் கீழ்.
ஊதா நிறக் கலங்கள், கரு பெருத்து,
கிண்ணியா பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் சனம்போல
ஒன்றின் மேல் ஒன்று.

ஆய்வுகூட யன்னலில் நின்று கேட்டாள்:
"உள்ளுக்குள்ள என்னதான் நடந்தது?"

உன் தொழிலை வைத்தே சொல்கிறேன், ரஞ்சி.
கலத்தின் கந்தோரிலிருந்தும் சிட்டைகள் போகும்.
இந்தப் புரதத்தைச் செய், இவ்வளவு செய்.
இருபத்திரண்டு எழுத்துள்ள ஒரு துணுக்கு
அதன்மேல் வந்து ஒட்டும்.
மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பேர்.
தானாக எதையும் செய்யத் தெரியாது.
ஒட்டும், அவ்வளவுதான்.
ஒட்டிய சிட்டை செல்லாது.

நல்ல நாளில் அது உதவி.
'பெருகு' என்ற சிட்டை மிஞ்சும்போது
போய் வாயை மூடும்.
எப்போதோ, சத்தமில்லாமல், வைரஸ் வந்து
காவற்காரனைத் தின்றது.
அவன் கூப்பிட்டால் மட்டும் வருகிற துணுக்குகள்
வராமலே போயின.
வேறு சில கூப்பிடாமல் பெருகி
'நில்' என்று எழுதியதையெல்லாம்
தேடித் தேடி ஒட்டின.
'பக்கத்தாளின் கையை விடாதே'
என்றிருந்ததும் செல்லாமற் போனது.
கை விட்ட கலம்
நிணநீரில் இறங்கி நடந்தது.

"அவ்வளவு சின்னனோ?"
விரலிடுக்கில் இல்லாத ஒன்றைப் பிடித்து
வெளிச்சத்தில் பார்த்தாள்.

மதியம் சோற்றுப் பார்சலோடு வெளியே வந்தேன்.
மதிலில் சுகாதாரப் பகுதியின் அறிவித்தல்:
முப்பத்தைந்து வயதான பெண்களுக்கு இலவசப் பரிசோதனை.
கோட்டையிலிருந்து இறங்கிவந்த புள்ளிமான் ஒன்று
பசைக்காக அதை நக்கித் தின்றுகொண்டிருந்தது.
நாள் போய்விட்டது. நேரமும் பாதி.
பெண்கள் என்ற சொல்லில் பெ மட்டும் மிச்சம்.

துரத்தினேன். அவசரமில்லாமல்
அடுத்த மதிலுக்குப் போனது.

அவளுக்கு முப்பத்தைந்தானது பதினொரு வருடத்துக்கு முன்.
அந்தப் புதன்களிலும் ஏலம் இருந்தது.

வரும் திங்கள் மட்டக்களப்புக்குப் பஸ்.
கதிர் வைக்க எத்தனை நாள் என்று
அவர்கள்தான் சொல்ல வேண்டும்.
சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய சிட்டை எடுத்து
பின்புறத்தில் அந்தப் பேரை எழுதிக்கொண்டாள்.
மைக்ரோ, பிறகு மூன்று எழுத்து.
கீழே, பழக்கத்தில், ஒரு சுழி.