முதுகில் கண்

உபெர்னாவிக்கில் சூரியன் வராத மாதம்.
பள்ளி மேசைமேல் ஆறு கட்டைகள்,
ஒவ்வொன்றுக்குள்ளும் கடுகளவு மூளை.
ஒட்டினால் ஒரே உடம்பு.
பிரித்தால் ஆறு பேர்.

பிபாலுக் கண்ணை முதுகில் மாட்டினாள்.
"தப்பு" என்றான் அபுட்சியாக்.
அவள் காதில் வாங்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பனிவண்டி ஒன்று
விளக்கோடு திரும்பியது.
அவ்வளவுதான்,
வெளிச்சம் வெளிச்சமென்று
பின்பக்கமாகவே நடந்து
விளிம்பு தாண்டித் தொப்பென்று விழுந்தது.

வண்டி போய்விட்டது.
தரையில் சிதறிய ஆறும்
தனித்தனியே துடித்தன,
இன்னும் நடப்பதாக நினைத்து.

அலமாரிக்கு அடியில் போன ஒரு கால்
கைக்கு எட்டவில்லை.
மூன்று காலில் நொண்டிப் பழக
அதற்கு முழுசாய் ஒரு மணி நேரம்.

கண்ணை அவள் இடம் மாற்றவில்லை.

அபுட்சியாக் ஒன்றும் பேசாமல்
டார்ச்சை எடுத்துக்கொண்டு
அதன் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்தான்.