ஏழாம் காம்பரா

ரவுட்டரை ஜன்னல் கம்பியில் கட்டினேன்.
பன்னிரண்டு காம்பராவுக்கும் வெளியே ஒரே முகவரி.
உள்ளே ஆளுக்கொரு எண்:
புஷ்பகாந்தியின் போனுக்குப் பதினேழு,
சவரிமுத்து அண்ணனுக்கு இருபத்துமூன்று.
கொழும்புக்கு அந்த எண்கள் தெரியாது.
கேட்டது யாரென்று இது குறித்துக்கொள்ளும்,
பதில் வந்ததும்
அந்தக் கையிலேயே போடும்.

எங்கள் லயத்துக்கும் வெளியே ஒரே முகவரிதான்:
தோட்ட ஆபீஸ், மேல்பிரிவு, பொகவந்தலாவை.
தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம்
மார்ச்சிலேயே வந்ததாம்.
புஷ்பகாந்தியிடம் கொடுத்தது
மே மாதச் சம்பளத்தன்று.
உறைமேல் யாரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
பச்சை லைட்டு இரண்டு தரம் சிமிட்டி நின்றது.
"வைஃபைக்கு என்ன பேர் போட?" என்றேன்.
கொழுந்துக் கறை விரலால்
அவளே தட்டினாள்:

புஷ்பகாந்தி,
ஏழாம் காம்பரா.