சிவப்புக் கோடு

ஆறு உண்டு, தண்ணீர் இல்லை;
கோட்டை உண்டு, ராஜா இல்லை
என்று எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள்.
நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு
நானும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்:
சி டிரைவ் உண்டு, இடம் இல்லை.

காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்து
தோட்டப்பாளையத்து எங்கள் மாடி அறைக்கு
ராஜ்ஷாஹியிலிருந்து மூன்று பேர்.
பாஸ்போர்ட்டை ஸ்கேன் எடுத்து
சி ஃபாரம் ஏற்றியாக வேண்டும், விட்டால்
போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும்.
ஸ்கேனர் முனகியது, வெளிச்சம் ஓடியது,
சேமிக்க இடம் போதவில்லை என்றது திரை.
கீழே ஒரு கோடு, தக்காளிச் சிவப்பில்.
வந்தவர்களில் மூத்தவர்
செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்,
எங்கே விடுவது என்று நான் சொல்லவில்லை.

எல்லாரும் செய்வதை முதலில் செய்தேன்:
அணைத்துப் போட்டேன்.
யாரும் செய்யக் கூடாததை அடுத்துச் செய்தேன்:
பெட்டியின் தலையில் ஒரு தட்டு.
உள்ளே ஃபேன் இருமியது.
பொதுச் சமையலறையின் கடுகெண்ணெய்ப் புகை
தூசியோடு பிசைந்து
அதன் இறக்கையில் அடை தட்டியிருக்கும்.
மே மாதம் இங்கே சுவரே சுடுகிறது,
பெட்டி எந்த நிழலில் போய் ஒதுங்கும்?

கஸ்பா இம்தியாஸை எழுப்பினேன்.
'இன்னாக்கா இந்நேரத்துல' என்றான்.
'விண்டோஸ்னு ஒரு ஃபோல்டர் கீது,
அதுல மட்டும் கை வெச்சிடாதீங்க.
டவுன்லோட்ஸைத் திறங்க.
சைஸ் மேல ஒரு கிளிக்.
பெருசு மேல வரும், தேவையில்லாததைத் தூக்குங்க.'

அவசரத்தில் தேதி மேல் அழுத்திவிட்டேன்.
பழசு மேலே வந்தது.

நிபாரண் ஹால்தார், கிரியாட்டினின்.
ஷெஃபாலி, பயாப்ஸி, பக்கம் இரண்டு
(பக்கம் ஒன்றைக் காணோம்).
ஹவுரா டிக்கெட், இருவர், வெயிட்டிங் நாற்பத்தொன்று.
அதே டிக்கெட், வெயிட்டிங் ஒன்பது.
அதே பெயரில், பதினாறு நாள் கழித்து,
ஒருவருக்கு மட்டும்.
பிரிண்ட் ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று
சுவரில் ஒட்டியிருக்கிறேன்.
காகிதத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள்.
இது இங்கேயே தங்கிவிட்டது,
வாடகை இல்லாமல், ஆறு வருஷமாய்.

ஐம்பத்திரண்டு பெயர்களைக் கூட்டிப் பிடித்து
டெலிட் அடித்தேன்.
கோடு அசையவில்லை.
'தொட்டியில போட்டா இடம் வராதுக்கா,
தொட்டியைக் கொட்டணும்.'
கொட்டினேன். காகிதம் கசங்குகிற சத்தம் ஒன்று
அதற்கென்று வைத்திருக்கிறார்கள்.
அப்போதும் சிவப்பு.
ஐம்பத்திரண்டு பேர் காலி செய்து
கிடைத்தது பதினேழு எம்பி.
ஒரு ஆளின் ரத்தத்தை முழுக்க எழுதினாலும்
நூற்றுப் பன்னிரண்டு கேபிதான் வருகிறது.

'சைஸ்க்கா, சைஸ்!'
சரியாக அழுத்தினேன் இந்தத் தடவை.
முதலில் நின்றது
சத்துவாச்சாரியில் என் தம்பி கட்டிய வீட்டின்
கிரகப்பிரவேச வீடியோ, ஒன்பது ஜிபி.
அதன் கீழே அதுவே, அதன் கீழே அதுவே.
இறங்கவில்லை என்று நினைத்து
நானே மூன்று தடவை அழுத்தியது.
ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.
பசு உள்ளே வரமாட்டேன் என்று
வாசலில் நின்றுவிட்டது அதில் இருக்கிறதாம்.
இரண்டை எடுத்தேன். கொட்டினேன்.
கோடு நீலமானது.

பன்னிரண்டு ஐந்துக்கு ஃபாரம் ஏறியது.
செருப்பை அங்கே விடுங்கள் என்று கை காட்டினேன்.

காலையில் இம்தியாஸ் வந்து
பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனான்.
ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ், புதுசு.
இறக்கையைக் கைவிரலால் பிடித்துக்கொண்டு துடைத்தான்,
சுற்ற விட்டால் கெட்டுவிடுமாம்.
சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தான்.
'அடுத்தவங்க ரிப்போர்ட்டு, அக்கா.
பிரிண்ட் எடுத்ததும் அழிச்சிடுங்க.'
சரி என்றேன்.

சாயங்காலம் மூத்தவர் பென் டிரைவோடு வந்தார்.
இரண்டு பக்கம்.
எடுத்துக் கொடுத்தேன், அவர் கண் முன்னாலேயே அழித்தேன்,
தொட்டியையும் கொட்டினேன்.
தொண்ணூற்றெட்டு கேபி.
நான் பார்த்தது அதை மட்டும்தான்.

ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார்.
சில்லறை இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்றேன்.
கீபோர்டுக்குப் பக்கத்தில் ஹார்லிக்ஸ் டப்பா,
கழுத்து வரைக்கும் சில்லறை.