ஹாரன்

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு
அல் நஹ்தா மணல் பார்க்கிங்கில்
ஏசியை நிறுத்திவிட்டுச் சொன்னேன்:
பஸ்ஸில் தூங்கிப்போய் விழித்தால்,
யாருமே இல்லையென்றால், அழாதே.
டிரைவர் சீட்டுக்குப் போ. ஹாரனை அமுக்கு.

இது விளையாட்டா வாப்பா?
ஆமாம் என்றேன்.
கண்ணாடி ஏற்றி நாலே நிமிடம்;
என் கழுத்து வழிந்தது.

சுமையா அமுக்கினாள்.
பெயரில்தான் சுமை, பதினேழே கிலோ.
ஒரு கை, இரு கை, முழங்கை.
சத்தமே இல்லை.

திரும்பி உட்கார். முதுகால் தள்ளு.

அலறியது.
மூன்றாம் மாடி பால்கனியில் ஒருவர்
திட்ட வாயெடுத்தார், அவளைப் பார்த்தார்,
உள்ளே போனார்.
தன் பையனைச் செருப்பில்லாமலே
இறக்கிக்கொண்டு வந்தார்.

திங்கள், எட்டு மணி.
அலுவலகத்தில் ஜன்னல் திறக்காது.
பதினான்காம் மாடிக்கு எந்த ஹாரனும் ஏறாது.
எழுந்து நின்று கேட்கிறேன்.