அளவான சட்டை

மச்சாள் தர்சிகா குரல் அனுப்பியிருந்தாள்:
"அக்கா, பிள்ளையளுக்குப் பீச் கலர்தான்.
தட்டுத் தூக்கிற ஏழு பேருக்கும் அதுதான்.
மாறிக்கீறி எடுத்துப்போடாதேங்கோ."

பீச் என்றால் என்ன நிறம்?
செம்மஞ்சள் என்றார் இவர்.
றோஸ் என்றாள் பக்கத்து வளவு ஜெசிந்தா.
பெரியவள் போனில் தேடி
ஒரு பழத்தைக் காட்டினாள்.
எங்கள் வீட்டில் ஒருவரும் தின்னாத பழம்.
பாலைப்பழம், வீரைப்பழம் என்று சொல்லியிருந்தால்
கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருப்பேன்.

விசுவமடுவில் பஸ் ஏறி
கரடிப்போக்கில் இறங்க பதினொரு மணி.
புடவைக்கடைப் பெடியன் ஏழு சட்டை விரித்தான்.
ஏழும் பீச் என்று சத்தியம் பண்ணினான்.
ஒன்று கறள் தகரம்.
ஒன்று அவித்த இறால்.
ஒன்று காய்ச்சல்காரப் பிள்ளையின் கன்னம்.
இவர் வாசலில் நின்றபடி சொன்னார்:
"வெள்ளையில எடு.
எங்கட ஒழுங்கைக் கிரவலில
மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போனா
மண்டபம் போக முதல் பீச் ஆகிடும்."
பெடியன் சிரித்தான்.
பிள்ளைகள் சிரிக்கவில்லை.

சின்னவள் கம்சிகாவுக்கு நிறம் ஒரு பொருட்டில்லை.
சுற்றினால் குடைபோல விரியவேணும், அவ்வளவுதான்.
கண்ணாடிக்கு முன்னால் சுற்றினாள், சுற்றினாள்,
தலை சுற்றிச் சாறிக் கட்டுகளுக்குள் விழுந்தாள்.
எழும்பி, வலை குத்துது என்றாள்,
உள்ளுக்குப் பருத்தி வைச்ச ஒண்டு தாங்கோ என்று
அந்தப் பெடியனிடமே பேரம் பேசினாள்.
பிறகு எந்த மூலையில் கண்டாளோ
பச்சையில் வரி போட்ட ஒன்றை
இழுத்துக்கொண்டு வந்தாள்.

நான் வாங்கினேன். மடித்தேன்.
அடுக்கின் அடியில் வைத்தேன்.
"ஏனம்மா?"
"அது பீச் இல்லை."

டனுசியா உடுப்பு மாற்றும் மறைவிலிருந்து
மெல்ல வெளியே வந்தாள்.
பதினொரு வயது. கழுத்து மூடி, முழங்கை வரை கை.
தோள் தோளில் நின்றது, இடுப்பு இடுப்பில்.
கடையே ஒருக்கால் திரும்பிப் பார்த்தமாதிரி இருந்தது.
வடிவு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"இதில ஒரு சைஸ் பெரிசு இருக்கோ தம்பி?"
என்று கேட்டது வாய்.

வளர்ற பிள்ளை என்று விளக்கமும் சொன்னேன்.
மூன்று விரற்கடை உள்ளுக்கு மடித்துத் தைத்தால்
இரண்டு வருசம் ஓடும் என்று
அவன் கேளாத கணக்கும் சொன்னேன்.

பதினைந்தில் எனக்கு ஒரு சட்டை இருந்தது.
நாங்கள் இருந்த இடம் மாற மாற
அம்மா அதன் விளிம்பை
ஒவ்வொரு விரற்கடையாய் அவிழ்த்துவிட்டா.
நாலாவது இடத்தில்
அவிழ்க்க விளிம்பு இல்லை.
நிறம் எப்போதோ போயிருந்தது.
பிள்ளைக்கு உடுப்பென்றால்
இந்தக் கிழமைக்கு வாங்குவதில்லை,
எங்கே நிற்போமோ அந்த நாளுக்கு வாங்குவது.
இது என் கைக்குத் தெரியும்.
கை இன்னும் மறக்கவில்லை.

பெரிய சைஸைப் போட்டுக்கொண்டு
டனுசியா கைகளை நீட்டிக் காட்டினாள்.
"என்ர விரலே வெளியில தெரியேல்லை அம்மா.
கலியாணம் பதினெட்டாம் திகதியெல்லோ?
நான் பதினெட்டாம் திகதிக்குள்ள இவ்வளவு வளரமாட்டன்."

பதில் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.
விலைத் துண்டைப் பார்த்தேன்.
ஆறாயிரத்துத் தொள்ளாயிரம், இரண்டிலும் ஒரே விலை.
அதே காசுக்குக் கூடத் துணி கிடைக்கும்போது
குறைந்ததை எடுக்கிற விசரி நானாகத்தான் இருக்கும்.

சின்னதைக் கட்டச் சொன்னேன்.

திரும்புகிற பஸ்ஸில் மச்சாளுக்குப் படம் போட்டோம்.
பரந்தன் தாண்ட பதில் வந்தது:
"அக்கா இது பீச் இல்லை, சமன். சரி, பரவாயில்லை."
"சமன் எண்டா ரின்மீனெல்லோ" என்றார் இவர்
முன்சீற்றில் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்க.
இந்த முறை பிள்ளைகளும் சிரித்தார்கள்.

பையை மடியில் வைத்தபடி
உள்ளே கைவிட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.
அரை விரற்கடை மடிப்பும் இல்லை.

இருக்கட்டும்.